ஒத்திகை முடிந்த பிறகு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பேர். இளையவர் போட்டிருந்த பனியனின் முதுகில் ‘கடலோர மீட்புத் தன்னார்வலர்’ என்று எழுதியிருந்தது.

“நான் முழுகும்போது எல்லாரும் கைதட்டினாங்க மாமா.”

தூங்கலாம் என்று சாய்ந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“இன்னாடா சொல்ற?”

“புயல் காலத்துக்கு முன்ன நம்ம குப்பத்துல ஒத்திகை நடத்துவாங்க இல்ல? அதுல முழுகுறவன் எப்பவும் நான்தான். ரெண்டு கையும் தூக்கிக் கத்துவேன், பசங்க நீந்தி வந்து இழுத்துக்கினு போவாங்க. அன்னிக்கும் நல்லபடியா முடிஞ்சுது. மிதவை ஒண்ணு அடிச்சிக்கினு போச்சேன்னு எடுக்கத் திரும்ப இறங்கினேன். நீரோட்டம் இழுத்துடுச்சி. கையத் தூக்கிக் கத்துறேன், கரையில அதிகாரிங்க போன்ல படம் புடிச்சிக்கினு கைதட்டுறாங்க.”

“உன்கூட இருந்த பசங்க?”

“பிரியாணிப் பொட்டலம் வாங்கப் போயிட்டானுங்க.”

“அப்புறம் யாருதான் தூக்கினது?”

“கருவாடு காயவச்சிக்கினு இருந்த ஒரு அம்மாவாலதான் பொழச்சேன். ஒத்திகை நடக்குறதே அதுக்குத் தெரியாது. அது போட்ட கூச்சல்ல புருஷங்காரரு படக எடுத்துக்கினு வந்தாரு.”

“நெஜமாவே முழுகினேன்னு அதிகாரிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். முதுகுல தட்டிக் குடுத்துட்டு ஜீப்புல ஏறிட்டாரு.”

ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் வரத் தொடங்கின. இளையவர் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

“அடுத்த வாரம் திரும்ப வர்றாங்க மாமா. போன தடவ மாதிரியே தத்ரூபமா முழுகணுமாம்.”