பதினான்கு விநாடி

ஒரு நல்ல கைமணியை அடித்தால் அதன் ஓசை முழுதும் அடங்கப் பதினான்கு விநாடி ஆகும். இரண்டு, மூன்று விநாடி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கடைசிவரை யாரும் கேட்பதில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் நேற்று வாசித்துக் காட்டிய அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்று இருக்கிறது. பாவாவை, அதாவது அக்கா வீட்டுக்காரரை, தனியே விட்டுவிட்டு நான் டீக்கடைக்குப் போயிருப்பேன் என்று என் அக்கா சுலோச்சனா சொன்னதை வைத்து எழுதியிருக்கிறீர்கள். பரந்தாமனாகிய நான் அன்று வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. அந்தச் சொல்லை நீங்கள் அடித்துவிட வேண்டும். அதற்காகவே இதை என் கையால் எழுதித் தருகிறேன்.

பத்தொன்பது வருஷமாக மைக் செட் வைத்திருக்கிறேன். ஆடிக் கிருத்திகையில் காணாமல் போகும் பிள்ளைகளின் பெயரை என் ஒலிபெருக்கியில்தான் சொல்வார்கள். போன தை மாதம், மதராஸில் ஒரு ரிக்கார்டிங் தியேட்டரில் வேலை பார்க்கும் கஜபதி கடிதம் போட்டிருந்தார். அங்கே கம்ப்யூட்டர் வைத்த கீபோர்டு ஒன்று வந்திருக்கிறதாம். ஓர் ஓசையைச் சுத்தமாக ஒரு தடவை கொடுத்துவிட்டால் அதை மனப்பாடம் செய்துகொண்டு, எந்தக் கட்டையை அழுத்தினாலும் அந்தச் சுருதியில் வாசிக்குமாம். கைமணி ஓசை வேண்டும் என்று கேட்டிருந்தார். மெல்ல அடித்தது, ஓங்கி அடித்தது எல்லாம் தனித்தனியாக, அடங்கும்வரை குறுக்கே வேறு சத்தம் இல்லாமல்.

முருகன் கோயில் மலையடிவாரக் கடையில் வேல் வைத்த மணிகள் நான்கு வாங்கி, அடித்து, டேப்பில் பதிந்து அனுப்பினேன். இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாம் தடவை டிரங்க் காலிலேயே சொல்லிவிட்டார்.

“எல்லாம் பூஜை மணியாட்டமே இருக்குதுங்க. யாரையோ கூப்பிடறாப்பல இல்ல. அடிக்கற கையில ஒரு அவசரம் வேணும்.”

என் கையில் அவசரம் இல்லை. அது எந்தக் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அக்காவின் கணவர் ராஜகோபால் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷமாகப் படுக்கையில் கிடந்தார். பேச்சு போய்விட்டது. இடது கையில் ஒரு வெண்கல மணி; தண்ணீருக்கும் மற்றதற்கும் அதுதான் அவருக்கு வாய். நன்றாக இருந்த காலத்தில் அவர் வாய் ஓயாது. “சத்தத்தப் புடிச்சி டப்பாவுல போடறான் என் மச்சான். பசிச்சா அதத்தான் துன்னுவான் போல” என்று பந்தியில் சொல்லிச் சிரிக்க வைப்பார். அந்தக் கோபத்தில் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது 1976 ஆவணியில், என் கல்யாணத்துக்கு மறுநாள் காலைப் பந்தியில் நடந்தது. நான் அப்போதே மறந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் பவர்லூம் ஓயாது. மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை கரண்ட் கட். அந்த ஒரு மணி நேரம்தான் தெரு வாயை மூடும். என் டேப் ரிக்கார்டர் பேட்டரியில் ஓடும். அக்கா நெய்த லுங்கிக் கட்டுகளை முதலாளியிடம் சேர்க்கப் பொதட்டூர்பேட்டைக்குப் போகும் நாட்களில் பாவாவை நான்தான் பார்த்துக்கொள்வேன்.

முதலில் அவரைப் பழக்கினேன். “ஒரு தரம் அடிங்க பாவா. அடிச்சிட்டு கைய ஆட்டாதீங்க. சத்தம் முழுசா அடங்கணும். அப்பதான் வருவேன்.” சொன்னபடியே வந்தேன். படபடவென்று அடித்தால் போகமாட்டேன். நான்கே நாளில் கற்றுக்கொண்டார். பேச்சுத்தான் இல்லையே தவிர, புத்தி தெளிவாக இருந்தது.

பிறகு தண்ணீர் டம்ளரைக் கை எட்டாத இடத்தில் வைத்தேன். நல்ல ஓசைகள் கிடைத்தன. வழிக்கு வந்துவிட்டது, ஓங்கி அடித்தது மட்டும் பாக்கி என்று கஜபதி எழுதினார்.

ஜூன் பதினாறு, செவ்வாய்க்கிழமை. அக்கா கிளம்பும்போது சொன்னதை நான் மறைக்கவில்லை. “கஞ்சிய தண்ணியா குடு. தலைகாணி வெச்சி நிமித்திகினு குடு. பொறை ஏறிச்சின்னா மணி அடிப்பாரு, உடனே ஓடியாந்துடு, இன்னா?”

“ஆங்” என்றேன்.

கஞ்சியைக் கெட்டியாகக் கொடுத்தேன். தலையணை உறை சரசரக்கும், அதனால் எடுத்துவிட்டேன். இரண்டு மணிக்குத் தறிகள் நின்றன. கடைசிக் கரண்டியை வாயில் ஊற்றிவிட்டு, நாலடி தள்ளி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

தொண்டை முழுதாக அடைத்துக்கொண்டதால் இருமல் வரவில்லை. அடித்தார். அப்படி ஓர் அடியை நான் அதுவரை கேட்டதில்லை. அடித்துவிட்டு, பழக்கியபடியே, கையை அசைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் எழுந்தால் நாற்காலி கிரீச்சிடும். ஓசை அடங்கியதும் மறுபடி அடித்தார். காத்திருந்தார். மொத்தம் ஒன்பது. ஏழு சுத்தமாக வந்தன. கடைசி இரண்டில் கை ஆடிவிட்டது, அவை உதவவில்லை.

கஞ்சி அடைத்து இறந்தார் என்று டாக்டர் எழுதியிருப்பது சரிதான். அதை அப்படிக் கொடுத்தவன் நான். எழுந்து போகாதவனும் நான். இதில் குறைவு எதுவும் இல்லை.

அந்த ஏழும் இப்போது மதராஸில் கீபோர்டுக்குள் இருக்கின்றன. ஒரு விரல் போதும். முதல் தடவை வாசித்தபோது கண் கலங்கிவிட்டது என்று கஜபதி எழுதியிருக்கிறார்.

மூல டேப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். அக்காவுக்குப் போட்டுக் காட்டுங்கள். இந்த ஒன்றரை வருஷத்தில் அவள் எத்தனையோ தடவை அடுப்படியிலிருந்தே “இரு வரேன்” என்று குரல் கொடுத்திருக்கிறாள். நான் ஒரு தடவையும் அவர் மணிக்குக் குறுக்கே பேசியதில்லை. அந்த மனிதர் கூப்பிட்டதைக் கடைசிவரை கேட்டவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தான்.