கொர்னேராவுக்கு மூணு வழி

இல்ல தம்பி, இந்த வீலோட மேல போக முடியாது. போகலாம், ஆனா எட்டாவது வளைவுல ரிம் பிரேக் கட்டையில உரச ஆரம்பிக்கும், பதினஞ்சாவதுல நீயே இறங்கித் தள்ளுவே. ரெண்டு கம்பி போயிருக்கு பாரு. மூணாவது, போகலாமா வேணாமான்னு யோசிச்சிட்டிருக்கு. உக்காரு. கம்பி மாத்திக் கோட்டம் எடுக்க அரை மணி நேரம் ஆகும். அந்த ஸ்டூல்ல இல்ல, அதுக்கு ஒரு கால் ஆடும்.

ஆமா, வேற ஆள் யாரும் இல்ல. நான்தான். வர்றவங்க எல்லாம் உள்ள ஒரு பொம்பளை நிக்கிறதைப் பாத்துட்டு, மெக்கானிக் எங்கன்னுதான் கேப்பாங்க. நீயாவது காலை வணக்கம் சொன்னே.

எந்த வழியா ஏறலாம்னா... கொர்னேரா கணவாய்க்கு மூணு வழி. மூணும் உச்சியில போய் ஒண்ணாத்தான் சேருது. எதுல போய் மூச்சு வாங்கணும்ங்கிறதுதான் உன் இஷ்டம்.

பெரிய ரோடு இருபத்திரெண்டு கிலோமீட்டர். முப்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்ட பலகை வச்சிருக்காங்க. அதை மட்டும் பாக்காதே. எண்ணிட்டே ஏறுனவங்க இருபதுலயே உக்காந்துருவாங்க. மத்த நாள்னா மோட்டார் பைக்காரங்க தொல்லை. இன்னைக்கு இல்ல, எட்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் சைக்கிளைத் தவிர எதையும் விட மாட்டாங்க. அதுக்குத்தானே நீயும் பெர்கமோவுலேருந்து வந்திருக்கே. வருஷத்துல இந்த ஒரு சனிக்கிழமை.

ரெண்டாவது, பட்டாளத்து ரோடு. பதினஞ்சே கிலோமீட்டர். தூரம் கம்மின்னு எல்லாரும் அதுல ஆசைப்படுவாங்க. போர்க் காலத்துல கழுதை மேல பீரங்கி ஏத்திட்டுப் போகப் போட்டது. கல்லு பதிச்ச பாதை, செங்குத்தா ஏறும். கழுதைங்க அதைப் பத்தி என்ன நினைச்சுதுன்னு யாரும் கேட்டு வைக்கலை.

மூணாவது அணைக்கட்டு ரோடு. இருபத்தொம்பது. மெதுவா ஏறும், அழகா இருக்கும், ஏரி தெரியும். நடுவுல ஒரு சுரங்கப்பாதை, வெளக்கு கிடையாது, மேலேருந்து தண்ணி சொட்டும். வெளிய வந்த உடனே ரோட்டுல மாடு படுத்திருக்கும். மணிச் சத்தம் கேட்டா பிரேக்கைப் பிடி. மாடு எந்திரிக்காது.

அந்த சுவத்துல இருக்கிற ரோட்டுப் படமா? என் வீட்டுக்காரர் வரைஞ்சது. எர்மேத்தே. நீலப் புள்ளி இருக்கிற இடத்துல தண்ணிக் குழாய். கறுப்புப் புள்ளி நாய். அதுல மூணு நாய் செத்துப் போச்சு, ஆனா அந்த இடம் வந்தா இப்பவும் எல்லாரும் வேகமா மிதிக்கிறாங்க. நல்லதுதானேன்னு விட்டுட்டேன்.

இல்ல, அவரு இங்க இல்ல. அந்தப் பக்கம் இருக்காரு. கணவாய்க்கு அந்தப் பக்கம், சுர்லேனாவுல. சுவிட்சர்லாந்து. பதினாலு வருஷம் ஆச்சு.

மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, ஊருக்கே தெரியும். செப்டம்பர் மாசம், ஞாயித்துக்கிழமை. ஏறிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனாரு. ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் போவாரு, உச்சியைத் தொட்டுட்டு ஒரு மணிக்கெல்லாம் வந்துருவாரு. நான் பட்டை பட்டையா வெட்டின கோதுமை மாவும் முட்டைக்கோசும் வேகவச்சு, பாலாடைக்கட்டி உருக்கி ஊத்தி வச்சிட்டு உக்காந்திருக்கேன். அது சூடா சாப்பிடலைன்னா சிமெண்ட் மாதிரி ஆயிடும். நாலு மணிக்கு போன் வருது. தோசொலீனான்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நான் இறங்கிட்டேன்னாரு. எங்க இறங்கினீங்கன்னேன். அந்தப் பக்கம்னாரு. ஏன்னு கேட்டேன். இறக்கம் நல்லா இருந்துச்சுன்னாரு.

சிரிக்கலாம், பரவாயில்ல. நானும் நாள் போனப்புறம் சிரிச்சிருக்கேன்.

சரி, கால் வலிச்சிருக்கும், நாளைக்கு வந்துருவாருன்னு நினைச்சேன். ஒரு வாரம் கழிச்சு அவரோட சிநேகிதர் ஒருத்தர் வந்து அவரு குளிர் கோட்டைக் கேட்டாரு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இறக்கம் முடியிற இடத்துல ஒரு ரொட்டிக்கடை இருக்கு. உர்சீனான்னு ஒருத்தி நடத்துறா. அன்னைக்குத்தான் முதல் தடவையா போனாரா, அதுக்கு முன்னாடியே ஏதும் இருந்துச்சான்னு நான் கேக்கலை. கோட்டை மடிச்சுக் குடுத்தேன். கையுறையும் சேத்து வச்சேன். அங்க நம்ம பக்கத்தை விடக் குளிரு ஜாஸ்தி.

கடையை வித்துடுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது அப்போ. ஆனா இருபத்தஞ்சு வருஷம் இதே இடத்துல நின்னு அவரு கோட்டம் எடுக்கிறதைப் பாத்திருக்கேன். வீல் சுத்துறப்போ எந்த இடத்துல தயங்குதுன்னு காதாலயே சொல்லுவேன். வச்சு நடத்துவோம்னு ஆரம்பிச்சேன். ஆனா ஓட்டத் தெரியாத பொம்பளை கிட்ட யாரு சைக்கிளைக் குடுப்பா? அதனால கத்துக்கிட்டேன். ஐம்பது வயசு. கோயில் பின்னாடி இருக்கிற மைதானத்துலதான். விழுந்து எந்திரிப்பேன். பாதிரியார் ஜன்னல்லேருந்து பாப்பாரு, பாக்காத மாதிரி திரையை இழுத்துக்குவாரு. ரொம்ப நல்ல மனுசன்.

அப்புறம் கடைக்கு லீவு விடுற வியாழக்கிழமை ஆனா ஏற ஆரம்பிச்சேன். முதல் வருஷம் ஆறாவது வளைவு வரைக்கும். அடுத்த வருஷம் பத்தொம்பது. மூணாவது வருஷம் ஆகஸ்ட்ல உச்சிக்குப் போயிட்டேன். அங்க எல்லையில பூட்டிக் கிடக்கிற சுங்கச் சாவடி ஒண்ணு இருக்கு, அது முன்னாடி பெஞ்சு. போய் உக்காரலாம்னு பாத்தா, அங்க அவரு உக்காந்திருக்காரு.

நெசமாத்தான் சொல்றேன். அவரு அந்தப் பக்கத்துலேருந்து ஏறி வந்திருக்காரு. எனக்கு மூச்சு வாங்குது. அவரு என் மூஞ்சியைப் பாக்கலை, சைக்கிளைப் பாத்தாரு. பின் வீல் இடது பக்கம் இழுக்குதேன்னாரு. பையிலேருந்து கம்பிச் சாவியை எடுத்தாரு, அங்கேயே சைக்கிளைக் கவுத்துப் போட்டு சரி பண்ணாரு. நான் கோட்டம் எடுத்த வீலு அது! எனக்கு வந்த கோவம் இருக்கே. ஓடிப் போனப்போ கூட அவ்வளவு வரலை.

அடுத்த வியாழக்கிழமை சுத்தமா கோட்டம் எடுத்துட்டுப் போனேன். அவரு குறை சொல்ல வழி இல்லாத மாதிரி. அவரும் வந்திருந்தாரு. சுத்திப் பாத்தாரு, தலையை ஆட்டினாரு. ம், பரவாயில்லன்னாரு. அப்படியே பழக்கம் ஆயிடுச்சு. பனி உருகி ரோடு திறந்ததுலேருந்து திரும்ப மூடுற வரைக்கும் வியாழக்கிழமை வியாழக்கிழமை, ஒரு முக்கா மணி நேரம். பத்து வருஷமா. அவரு பையிலேருந்து ரொட்டி எடுப்பாரு, ரெண்டு பேரும் சாப்பிடுவோம். என்னத்தைப் பேசுவோம்? எந்த வளைவுல தார் பேந்திருக்கு, எந்தக் குழாய்ல தண்ணி வரலை, இங்க யாரு வீடு கட்டுறாங்க, இதேதான். அவளைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கோட்டைப் பத்தியும் இல்ல. ஒரே வீட்டுல இருந்தப்போ நாங்க வாரத்துக்கு முக்கா மணி நேரம் பேசினதா எனக்கு ஞாபகம் இல்ல தம்பி. நேரம் ஆனதும் அவரு அந்தப் பக்கம் இறங்குவாரு, நான் இந்தப் பக்கம்.

ஊருல யாருக்கும் தெரியாது. உடம்புக்கு நல்லதுன்னு ஏறுறேன்னு நினைச்சிட்டிருக்காங்க. அதுவும் உண்மைதான். ரத்தக் கொதிப்பு இறங்கியிருக்கு.

இந்த வருஷம் ரோடு லேட்டாத் திறந்தாங்க, ஜூன் மூணாந் தேதி. ரெண்டு வியாழக்கிழமை போய்ப் பாத்தேன். ஆளைக் காணோம். முட்டி வலி எப்பவும் உண்டு அவருக்கு, அதா இருக்கும்னு நினைச்சு வந்துட்டேன். போன் பண்ணியிருக்கலாம். எங்களுக்குள்ள போன் கிடையாது, அன்னைக்கு நாலு மணிக்கு வந்ததுதான் கடைசி.

நேத்து சாயங்காலம் உர்சீனா பண்ணா. குரலைக் கேட்டதே கிடையாது நான். நல்ல குரல்தான். கொஞ்சம் தடுமாறித்தான் நம்ம பாஷை பேசுறா. வியாழக்கிழமையானா அவரு பையில ரெண்டு பேருக்கு ரொட்டி கட்டிக் குடுத்தது நான்தான்னா. ரொட்டி நல்லா இருந்துச்சுன்னேன். அப்புறம், வருவீங்களா, எந்த வழியா வருவீங்கன்னு கேட்டா. பத்து வருஷமா அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் எல்லாருக்கும் பதில் சொல்லிட்டிருக்கேன், அவளுக்கு சட்டுனு சொல்ல வரலை.

இந்தா, ஆச்சு. சுத்திப் பாரு. சத்தம் கேக்குதா? கேக்கக் கூடாது. சரி, மாட்டிக்கோ.

காசு அப்புறம் குடுக்கலாம். நானும் வர்றேன், ஷட்டரை இழுத்துட்டு. அதோ மூலையில நிக்குதே, அது என்னுதுதான். மூணு மணிக்கு அவரோட அடக்கம், சுர்லேனா கோயில்ல. இன்னைக்குன்னு பாத்து வண்டியை விட மாட்டேங்கிறாங்க. சுத்தி வந்தா அஞ்சு மணி நேரம், நான் ஓட்டிக் கூட்டிட்டுப் போறேன் சித்தின்னு என் அக்கா பையன் காலையிலயே வந்து நின்னான். வேணாம்னுட்டேன். கறுப்புல போட்டிருக்கேன், நீ கவனிச்சிருக்க மாட்டே. சைக்கிள் ஓட்டுறவங்க எல்லாரும் கறுப்புதான், அது ஒரு வசதி.

அழுகை எல்லாம் இல்ல, எண்ணெய்க் கையோட கண்ணைத் தொட்டுட்டேன். அந்தத் துணியை எடு.

பெரிய ரோட்டுலயே போலாம். நீ வேகமா ஏறுவே, எனக்காக நிக்க வேணாம். உச்சியில மட்டும் கொஞ்சம் இரு. ஆமா, அந்தப் பக்கம் இறக்கம் எப்படி இருக்கும்னா... அதை மட்டும் என்கிட்ட கேக்காதே தம்பி. நான் ஒரு தடவை கூட இறங்கினது இல்ல. நீ முன்னாடி போ, நீ பிரேக் பிடிக்கிற இடத்துல நானும் பிடிச்சுக்கறேன்.