நான்காவது சைலன்சர்

நாய் குரைத்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் புல்வெட்டும் இயந்திரத்தை முடுக்கினாலும் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிடுவேன். இந்த லோரன் ஹாஸ்கெட் சத்தம் பொறுக்காதவன் என்று உங்களிடம் யார் சொல்லியிருந்தாலும் அது தவறு. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

டுவைட்டின் விமானம் வேறு சங்கதி. எங்கள் பிளம் ஹாலோவில் புல் ஓடுபாதையின் இருபுறமும் வீடுகள். அநேகமாக எல்லாக் கொட்டகையிலும் சொந்தக் கையால் கட்டிய ஒரு விமானம் நிற்கும். டுவைட் தன்னுடையதில் பழைய காரின் ரோட்டரி இன்ஜினை வைத்தான். நல்ல இன்ஜின்தான். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. முக்கோணத் துண்டு ஒன்று உள்ளே சுழலும், அவ்வளவுதான். ஆனால் வால்வு இல்லாததால் புகை வெளியேறும் வாய் சட்டென்று திறந்துகொள்ளும். ஒவ்வொரு தடவையும் ஒரு வெடி. புகையும் எரிந்துகொண்டேதான் வெளியே வரும். சாதாரண சைலன்சரின் உள்பாகம் அந்தச் சூட்டில் தீய்ந்து உதிர்ந்துவிடும்.

சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் பால் பண்ணை வைத்திருப்பவர்கள் புகார் கொடுத்தார்கள். கோடை முடிவதற்குள் சத்தம் அடங்காவிட்டால் டுவைட் பறக்கக் கூடாது என்று எங்கள் சங்கம் சொன்னது. நான் எழுந்து, சைலன்சர் செய்து தருகிறேன் என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கொதிகலன்களை வெல்டிங் செய்தே ஓய்வு பெற்றவன் நான். இது எனக்கு ஒரு வாரத்து வேலை என்றுதான் நினைத்தேன்.

முதல் சைலன்சர் வெல்டிங் இணைப்பில் பிளந்தது. இரண்டாவது பளு அதிகமாகி விமானத்தின் மூக்கைக் கவிழ்த்தது. மூன்றாவதைப் பூட்டிப் பறந்துவிட்டு வந்த டுவைட் அதைக் கழற்றி என் காலடியில் போட்டான்.

"இந்த டப்பாவை மாட்டினா என் வண்டி சினைப் பசு மாதிரி ஏறுதுப்பா. உனக்கே கேக்கும், அதுக்கு மூச்சு முட்டுது."

மறுநாளே வெறுங்குழாயோடு பறந்தான். அந்த வாரக் கடைசியில் திடலில் பான்கேக் விருந்து. என் தட்டில் பான்கேக்குக்கு மேல், சிரப் வழிய வழிய, காதடைப்பான் இரண்டை வைத்துக் கொடுத்தார்கள். லோரன் கண்டுபிடித்ததிலேயே உருப்படியானது இதுதான் என்று ஒருவர் சொன்னார். நானும் சிரித்தேன். அவர்களோடு சேர்ந்து டுவைட்டும் சிரித்தான். யாருக்காக இந்தப் பாடு படுகிறேனோ, அவன்.

நான்காவது வேலை செய்தது. சங்கத்தார் ஓடுபாதை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, டுவைட் தலைக்கு மேலே இரண்டு வட்டம் அடித்தான். கீழே இருந்தவர்கள் குரலை உயர்த்தாமலே பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். காதடைப்பான் வைத்தவர் வந்து கைகுலுக்கினார்.

அன்று சாயங்காலம் அதைக் கழற்றிச் சின்ன விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். துளையிட்ட தகடு ஒன்று வெல்டிங் விட்டு, ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அது விழுந்தால் நேராகப் போய்க் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். புகை போக வழியில்லாவிட்டால் இன்ஜின் செத்துவிடும். எனக்கு இது தெரியாது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை.

நீங்கள் என் நிலையிலிருந்து யோசிக்க வேண்டும். சொன்னால் டுவைட் மறுபடியும் வெறுங்குழாயை மாட்டுவான். மறுபடியும் புகார், மறுபடியும் சிரிப்பு. பிரித்துத் திருத்த எனக்கு அவகாசம் வேண்டியிருந்தது; அவனோ தினமும் பறந்தான். திரும்ப மாட்டிவிட்டேன்.

"உள்ள பாத்தியா?" என்று கேட்டான்.

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

"புதுசு மாதிரி இருக்கு."

அவன் மனைவி மார்லிஸ் அந்த விமானத்தில் ஏறியதே இல்லை. சத்தத்தில் அவளுக்கு மண்டையிடி வந்துவிடும். வெள்ளிக்கிழமை ருபார்ப் தண்டு வைத்த இனிப்புப் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தாள்.

"நாளைக்கு இவர்கூட ஏறப் போறேன். இத்தனை வருஷத்துல மொத தடவை. எல்லாம் உங்களாலதான், லோரன்."

வானிலை நன்றாக இருக்கும் என்றேன். பலகாரம் அருமையாக இருந்தது.

சனிக்கிழமை காலை நான் ஓடுபாதைக் கடைசியில் நின்றேன். வண்டி மேலே எழும்பும்போது உள்ளே லேசான கடகடப்பு. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. மார்லிஸ் கையசைத்தாள், நானும் அசைத்தேன். மரங்களைத் தாண்டியதும் இன்ஜின் நின்றது. அந்த அமைதியைப் போல ஒன்றை நான் கேட்டதில்லை.

சோளக்காட்டுக்குள் முதலில் ஓடியவன் நான்தான். டுவைட்டின் கழுத்து முறிந்திருந்தது. அவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. மார்லிஸ் நினைவோடு இருந்தாள். பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த பெல்ட்டைக் கொஞ்சம் அவுத்து விடுங்களேன்," என்றாள். கத்தவில்லை.

"ஒரு நிமிஷம், மார்லிஸ்," என்றேன்.

மூக்குப் பகுதி கிழிந்து, சைலன்சர் ஒரே பிடிப்பில் தொங்கியது. அந்தப் பிடிப்புக்குப் பொருந்தும் ஸ்பானரும் வெல்டிங் கையுறையும் என் பையில் இருந்தன. அன்று காலை அவற்றை ஏன் எடுத்துப் போனாய் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தேவைப்படும் என்று தோன்றியது; எடுத்துப் போனேன். கழற்றுவதற்கு நான் நினைத்ததைவிட நேரமானது. நான் அதைத் தூக்கிக்கொண்டு சோள வரிசைக்குள் போகும்போது பின்னால் தீப்பிடித்தது. என் பெயரை அவள் இன்னொரு தடவை சொன்னாள். இரண்டையும் ஒருவனே செய்ய முடியாது.

என் கொட்டகையிலிருந்து நீங்கள் எடுத்துப் போனது அதுதான். நான் மறைத்தேன்; மறுக்கவில்லை. டுவைட்டிடம் பொய் சொன்னேன், மார்லிஸை விட்டுவிட்டு வந்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

வழக்கு முடிந்ததும் அந்தத் தகட்டை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள். விரிசல் எந்த ஓரத்தில் தொடங்கியது என்று தெரிந்தால் ஐந்தாவது சரியாக வந்துவிடும். அவர்கள் இரண்டு பேருக்காக நான் அதையாவது செய்து முடிக்க வேண்டாமா?