கிடாவிடம் கேட்ட கடன்

வெயிலம்மாள்: அந்தக் கல்லுல காலைத் தேய்ங்க அண்ணாச்சி… கரிசல் மண்ணு லேசுல விடாது. செருப்பு எங்க?

வந்தவர்: ஒண்ணு ஓடைக்குள்ள பொதைஞ்சு போச்சும்மா. பைக்கும் அங்கேயே நிக்குது.

வெயிலம்மாள்: நடந்தே வந்தீயளாக்கும்! நான் யோகராஜ் தம்பியில்லா வருவாருன்னு பாத்துக்கிட்டிருக்கேன். அவருதான் ஒங்களை அனுப்புனாரா?

வந்தவர்: யோகராஜா… காலேஜ்ல லோன் வேலை பாக்குறவரு?

வெயிலம்மாள்: அவரேதான். இன்னைக்கு பேங்கு மேனேஜர் வீடு பாக்க வாராராம். அதுக்கு முந்தியே வந்து, மேனேஜர் மாதிரி உக்காந்து கேள்வி கேக்கேன், பதில் சொல்லிப் பழகுங்கக்கான்னாரு. அவரை இன்னும் காணோம். நீங்களே மேனேஜரா இருந்து கேளுங்க.

வந்தவர்: நானா… மேனேஜரா?

வெயிலம்மாள்: ஏன், வராதா? மொகத்தைக் கடுகடுன்னு வச்சுக்கிட்டாப் போதும்.

வந்தவர்: இப்படியா?

வெயிலம்மாள்: இன்னுங் கொஞ்சம்… ஆங், இப்பச் சரி.

வந்தவர்: யோகராஜ் என்னென்ன சொல்லிக் குடுத்தாரு?

வெயிலம்மாள்: பொய் சொல்லக் கூடாது, அழக் கூடாது. அம்புட்டுதான். ஆபீசரைக் கண்டா எனக்கு நாக்கு ஒட்டிக்கிடுமே தம்பின்னேன். கெடாவை முன்னால கட்டிப்போட்டு, அதான் மேனேஜருன்னு நெனச்சுப் பேசுங்கன்னாரு.

வந்தவர்: பேசினீங்களா?

வெயிலம்மாள்: தெனமும் பேசுதேன்.

வந்தவர்: கெடா என்ன சொல்லிச்சு?

வெயிலம்மாள்: போட்ட வேப்பங்கொழையைத் தின்னு முடிச்சிட்டு, பின்பக்கத்தைத் திருப்பிட்டு நின்னுது. மேனேஜரும் அப்பிடித்தான்—

வந்தவர்: சரி, சரி… கேள்விக்கு வருவோம். பொண்ணு பேரு?

வெயிலம்மாள்: முத்துசெல்வி. இஞ்சினீரு ரெண்டாம் வருசம். காலேஜுக்குத்தான் போயிருக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள பீசு கட்டலன்னா பரீச்ச எழுத விட மாட்டாங்களாம்.

வந்தவர்: மொத வருசம் எப்படிக் கட்டினீங்க?

வெயிலம்மாள்: ஆட்டை வித்து. மந்தையே போச்சு. மிச்சம் அந்தக் கெடாவும் ரெண்டு மூணு பெட்டையும்தான்.

வந்தவர்: மார்க்கெல்லாம்?

வெயிலம்மாள்: மார்க்கா… அது வந்து…

வந்தவர்: என்னம்மா?

வெயிலம்மாள்: கணக்குல தோத்துட்டா.

வந்தவர்: அதை மேனேஜர்கிட்ட சொல்லணுமா? பேசாம விட்டுருங்களேன்.

வெயிலம்மாள்: நல்ல ஆளு நீங்க! மறைச்சுட்டு யோகராஜ் தம்பி மூஞ்சியில எப்பிடி முழிக்க? அப்பன் இல்லாத பிள்ளைன்னு, வருமானச் சர்ட்டிபிகேட்டுக்குத் தாலுகா ஆபீசுல எங்ககூடவே கால்கடுக்க நின்னவரு. ஒரு டீ வாங்கிக் குடுத்தா, "பிள்ளைங்களுக்கு லோன் எடுத்துக் குடுக்கதுதாங்க்கா எங்க கம்பெனி தொழிலு, அதுக்குக் காலேஜுல துட்டுக் குடுத்துருவாங்க"ன்னுட்டு, என் டீக்கும் சேத்து அவரே காசு குடுத்துட்டாரு. வெயில்ல வதங்கி நிக்கோம்னு, கேக்காமலே கடலைமிட்டாய் வாங்கியாந்தாரு. கூடப்பொறந்தவன்கூடச் செய்ய மாட்டான்.

வந்தவர்: தங்கமான ஆளுதான். சரி, பொண்ணு ஏன் தோத்தா?

வெயிலம்மாள்: எனக்கு மஞ்சக்காமாலை. நான் படுத்துட்டேன். பரீச்ச நேரத்துல அவ தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்கப் போயிட்டா. பெறகு திருப்பி எழுதி எழுபத்தெட்டு வாங்கிட்டா.

வந்தவர்: இதையில்ல மொதல்ல சொல்லணும்!

வெயிலம்மாள்: சாக்குச் சொல்லுத மாதிரி இருக்குமேன்னு…

வந்தவர்: படிச்சு முடிச்சும் வேலை கெடைக்கலைன்னா? கடனை யாரு கட்டுவா?

வெயிலம்மாள்: கெடைக்கும்.

வந்தவர்: கெடைக்கலைன்னா?

வெயிலம்மாள்: அவளும் நானும் குச்சி அடுக்குவோம். கூலியில பாதி சோத்துக்கு, பாதி ஒங்க… அந்த மேனேஜர் பேங்குக்கு. நான் செத்தாலும் அவ கட்டுவா. அவ அப்பிடிப்பட்டவ.

வந்தவர்: போதும்மா. கேள்வி முடிஞ்சுது.

வெயிலம்மாள்: என்ன அண்ணாச்சி, தப்பாச் சொல்லிட்டனா?

வந்தவர்: இல்லம்மா. எத்தனையோ வருசமா இந்தக் கேள்வியைக் கேக்குறேன்… ம்… மேனேஜருங்க கேக்கப் பாத்திருக்கேன். இப்படி ஒரு பதில் வந்ததில்ல.

யோகராஜ்: யக்கா! யக்கா! சக்கரத்துல மண்ணு அப்பி வண்டியைத் தள்ளிக்கிட்டே வாரேன். மேனேஜர் வந்திருவாரு, வெரசா ஒருவாட்டி பேசிப் பாத்துருவோம்… ஐயய்யோ! சார்!

வெயிலம்மாள்: வாங்க தம்பி. நாங்க பேசிப் பாத்தாச்சு.

யோகராஜ்: யாருகிட்டப் பேசினீங்க? இவியதான்க்கா பேங்கு மேனேஜர்!

வந்தவர்: பதறாதீங்க யோகராஜ். நாளைக்குக் காலையில அம்மா, பொண்ணு ரெண்டு பேரையும் கையெழுத்துப் போடக் கூட்டிட்டு வாங்க. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே பணம் காலேஜுக்குப் போயிரும். உங்க வேலையை நான் இன்னைக்குத்தான் பாத்தேன்… நல்லாப் பண்ணியிருக்கீங்க. அம்மா, மன்னிச்சுக்கோங்க. நான் யாருன்னு வந்ததுமே சொல்லியிருக்கணும்.

வெயிலம்மாள்: சொல்லாம விட்டீங்களே, அதுக்கே கும்பிடுதேன் சார். ஒங்க கண்ணாடி ரூம்பு வாசல்வரைக்கும் மூணு வாட்டி வந்து, வாய் வராமத் திரும்பிப் போனவ நான். ஒங்க மொகம் எனக்குத் தெரியாதா? மேனேஜருன்னு நீங்க ஒத்துக்கிட்டிருந்தா, இங்கனயும் எனக்கு வாய் வந்திருக்காது.