பின்வாசல் சாக்கடையில் ஒரு மாபெரும் வெற்றி

— மாண்புமிகு குழுத் தலைவர் அவர்களே! மனிதகுல வரலாற்றில் இன்று ஒரு பொன்னாள். கொசு என்னும் கொடுங்கோலனின் கதையை முடிக்க, மண்ணுக்குள்ளிருந்து ஒரு மாவீரன் எழுந்து வந்திருக்கிறான்...

— டாக்டரம்மா, மாவீரன் மெதுவா வரட்டும். இந்தப் பேசின் ரெண்டையும் மேஜையிலேருந்து எடுத்தா நான் தட்டு வைப்பேன்.

— கையை வைக்காதீங்க! பதினோரு மணிக்கு என் ஆராய்ச்சியைப் பார்க்கக் குழு லேபுக்கு வருது, இதை அங்க தூக்கிட்டுப் போகணும். இடது பேசின்ல வெறும் கொசுப்புழு. வலதுல அதே புழு, கூடவே என் பூஞ்சை. இடதுல நெளியணும், வலதுல செத்து மிதக்கணும். இல்லேன்னா என் பிரிவை மூடிட்டு, அந்த அறையை சைக்கிள் ஸ்டாண்டு ஆக்கிடுவாங்களாம்.

— சைக்கிளாவது நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்.

— உங்களுக்கு எல்லாமே கிண்டல். பூங்கா மண்ணுல செத்த வண்டு மேல பச்சையாப் படர்ந்திருந்ததைக் கண்டுபிடிச்சு, சோத்துல வளர்த்து, பெத்த பிள்ளை மாதிரி...

— பெத்த பிள்ளையை ஃப்ரிட்ஜுல வச்சு வளர்த்த தாய் நீ ஒருத்திதான்.

— லேப் ஃப்ரிட்ஜுல டைரக்டரோட கூல்டிரிங்க்ஸுக்கே இடம் பத்தல, நான் எங்க போவேன்? சரி, மூடியைத் திறப்போம். இடது... ம், நல்லா நெளியுது. வலது... ஐயையோ!

— என்ன, மாவீரன் தூங்கிட்டானா?

— இதுவும் நெளியுது! அதைவிடக் கொழுகொழுன்னு இருக்கு!

— மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்குதுங்க.

— என் டப்பாவிலேருந்து நானே என் கையால போட்டேனே... ஏங்க, எதுக்கு இப்போ மேல பார்க்கறீங்க?

— ஒட்டடை இருக்கான்னு பார்த்தேன்.

— என்ன பண்ணித் தொலைச்சீங்க?

— கத்தக் கூடாது. போன மாசம் ஃப்ரிட்ஜைச் சுத்தம் பண்ணினேன். ஒரு டப்பாவுல சோறு பச்சை பச்சையாப் பூத்துக் கிடந்தது. ஊசிப்போச்சுன்னு கொட்டிட்டேன். கழுவும்போதுதான் மூடியில நீ 'தொடாதே'ன்னு ஒட்டி வச்சிருந்தது கண்ணுல பட்டுச்சு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, புதுச் சோறு வடிச்சு டப்பாவுல போட்டு, பாத்திரம் கழுவற தொட்டிக்கு அடியில வச்சேன். அதுவும் பச்சையாத்தான் பூத்துச்சு, திரும்ப ஃப்ரிட்ஜுல வச்சுட்டேன். பச்சைக்குப் பச்சை சரியாப் போச்சு. நீதான் அவ்வளவு படிச்சவளாச்சே, மைக்ராஸ்கோப்புல பார்த்திருக்க வேண்டியதுதானே?

— பேச்சை எழுதித் திருத்தவே நேரம் சரியா இருந்துச்சுங்க!

— அதானே பார்த்தேன். பேச்சு ரொம்பச் சுத்தமா இருந்துச்சு.

— பாவி மனுஷா! கொசுப்புழுவுக்கு உட்கார வச்சு விருந்து போட்டிருக்கேன்!

— என் சமையலைச் சாப்பிட்டு உடம்பு தேறினது இந்த வீட்டுல அதுங்க மட்டும்தான்.

— நான் தொலைஞ்சேன்... இருங்க. என் சோத்தை எங்க கொட்டினீங்க?

— பின்வாசல் சாக்கடையில.

— சாக்கடையிலயா? ஏங்க, நம்ம வீட்டுல கொசு கடிச்சு எவ்வளவு நாளாச்சு?

— யோசிச்சுப் பார்த்தா... ஆமா, கொஞ்ச நாளாவே காணோம். ஆனா அது வந்து...

— வாயை மூடுங்க, போனை எடுங்க!

— நான் சொல்றதை ஒரு நிமிஷம்...

— ஷ்ஷ்! ஹலோ, தலைவர் சாரா? வணக்கம் சார். பேசின்ல காட்டறதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு சார். நான் ஒரு முழுச் சாக்கடையையே கொசு இல்லாம ஆக்கியிருக்கேன்! ஆமா சார், என் வீட்டுப் பின்வாசல்லதான். குழு மொத்தமும் நேரா இங்க வந்துடுங்க. டைரக்டரையும் கூட்டிட்டு வாங்க. யாரு, பத்திரிகைக்காரங்களா? தாராளமா வரட்டும் சார்!

— வச்சுட்டியா?

— வச்சுட்டேன். போங்க, நல்ல நாற்காலியாப் பார்த்துச் சாக்கடையோரமா வரிசையாப் போடுங்க. நீங்க கொட்டினதுகூட நல்லதுக்குத்தான். ஆமா, என்னமோ சொல்ல வந்தீங்களே?

— உன் சோறு போய்ச் சாக்கடையை அடைச்சுடுச்சு. மறுநாளே ஆளைக் கூப்பிட்டுச் சோறு, சேறு எல்லாத்தையும் அள்ளி லாரியில ஏத்தி அனுப்பியாச்சு. அன்னிலேருந்து அங்க தண்ணி தேங்கறதே இல்ல.