சலூன்காரர் கட்டிய பட்டறை

— நான் வரலன்னா வரலங்க. அந்த ஷெட்டுல எனக்கு என்ன வேலை?

— நாலு எட்டு நடந்தாப் போதும், மேஸ்திரி. பார்த்துட்டு உடனே திரும்பிடலாம்.

— மேஸ்திரின்னு கூப்பிடாதீங்க. ஃபாக்டரி ரம்பம் மூணு விரலை எடுத்த அன்னிக்கே அந்தத் தச்சு மேஸ்திரியும் போயாச்சு. ஏழு மாசம் ஆகுது, இன்னும் அதே பேரு.

— சரி, பொண்டாட்டின்னு கூப்பிடுறேன். பொண்டாட்டி, வா.

— சிரிக்க வைக்காதீங்க, நான் கோபமா இருக்கேன்.

— எதுக்காம்?

— சலூனைச் சாத்திட்டு வந்தா முதல்ல என்கிட்ட ஒரு டீ கேட்பீங்க. இப்பல்லாம் ஷெட்டுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிறீங்க. என் கையைப் பார்க்கப் பிடிக்கலன்னா வாய்விட்டுச் சொல்லிடலாம்ல? அக்காவுக்கு போன் போட்டு அழுதேன், தெரியுமா?

— அடிப்பாவி! அப்படியா நெனச்ச?

— வேற எப்படி நெனைக்கிறதாம்?

— முதல்ல உள்ள வா. பார்த்துட்டு அப்புறம் ஆசை தீரத் திட்டு. படி பார்த்து.

— கார் நின்ன இடமா இது! இந்த மேசை ஏதுங்க?

— உத்துப் பாரு.

— ஐயோ, நம்ம கட்டில்!

— கால்லதான் கரையான். வெட்டிட்டேன். பலகை இன்னும் கல்லு மாதிரி கெடக்கு.

— யார் துணையும் இல்லாம நான் முதன்முதலா செஞ்சது. தலைமாட்டுல பூ செதுக்கியிருந்தேனே, அது?

— அதோ சுவத்துல. உளியெல்லாம் அதுலதான் தொங்குது.

— என் உளியா? யாருக்காவது குடுத்துடுங்கன்னு சொன்னேன்ல?

— குடுத்துட்டேன்.

— யாருக்கு?

— எனக்கு.

— நல்ல ஆளுங்க நீங்க! கீழ இருக்கிறது எங்கம்மா தையல் மெஷினோட மிதிகட்டை மாதிரி இருக்கு.

— அதேதான். மிதிச்சுப் பாரு. ம், இன்னும் கொஞ்சம் அழுத்தி. பார்த்தியா, அந்த பெல்ட் பலகையை எப்படி அமுக்கிப் பிடிக்குது!

— அம்மா பார்த்திருந்தா மாப்பிள்ளை என் மெஷினைக் கொன்னுட்டார்னு சண்டைக்கு வந்திருப்பாங்க.

— வந்து, அவங்களே ஒரு மிதி மிதிச்சுப் பார்த்திருப்பாங்க.

— பார்த்திருப்பாங்கதான். சுத்திக்குப் பக்கத்துல சீப்பு எதுக்குங்க? தொழில் புத்தி விடலையா?

— ஆணியைச் சீப்புப் பல்லுக்கு நடுவுல சொருகிக்கணும். விரல்ல அடி விழாது.

— பொல்லாத மூளைதான். ஆமா, துணி போட்டு மூடி வெச்சிருக்கீங்களே, அது என்ன?

— நீயே எடு.

— உங்கப்பாவோட நாற்காலி! என்னங்க இது? அவர் போனதுலேர்ந்து சலூன்ல ஒரு ஆளை இதுல உட்கார விட்டதில்ல நீங்க. நான் ஒரு தடவை ஈரத்துண்டு போட்டதுக்கு ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க.

— காலால அமுக்கினா மேல வரும், கீழ போகும். கையால எதையும் திருக வேண்டியதில்ல. உட்காரு.

— நானா?

— உனக்குத்தான் கொண்டு வந்தேன். உட்காரும்மா. ஏன் அழற?

— யாரு அழுதா? மரத்தூள். ஒண்ணு சொல்லவா? எல்லாம் சரி, அடுக்கி வெச்சிருக்கிற லட்சணம் மட்டும் அசல் சலூன்காரர்தான். எல்லாமே பக்கம் மாறிக் கெடக்கு. சுத்தி இடது பக்கம், உளி இடது பக்கம், விளக்கு வலது பக்கம். இப்படி வெச்சா வேலை செய்யறவங்க எப்படி...

— சொல்லு.

— இடது கையால செய்யணும்.

— ம்.

— எனக்கு வராதுங்க. வலது கையில மிச்சம் இருக்கிற ரெண்டு விரல் பிடிச்சுக்கக்கூட ஒழுங்கா உதவாது. இந்த வயசுல மொதல்லேர்ந்தா?

— முதல் மாசம் ஆணி கோணிக்கிட்டுப் போகும். ரெண்டாவது மாசம் தோள்பட்டை விண்ணு விண்ணுனு தெறிக்கும். அதுக்கப்புறம் ஆணி சொன்ன பேச்சு கேட்கும்.

— கூட இருந்து பார்த்த மாதிரி பேசாதீங்க! கத்தரி பிடிக்கிற உங்களுக்கு இந்தக் கஷ்டம் என்ன தெரியும்?

— இந்தப் பட்டறை முழுக்க, என் வலது கையில அதே மூணு விரலையும் மடக்கித் துணி சுத்திக் கட்டிக்கிட்டு, இடது கையாலதான் அடிச்சேன்.