ராகலை பஸ்ஸில் தப்பு மேளக்காரர்

ராகலை பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கங்காணியும், அவர் மேற்பார்க்கும் தேயிலைத் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கிறவரும் இருந்தார்கள். மேளக்காரர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து ஒரு மாதந்தான் ஆகிறது என்று அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது.

"நீ அடிக்காட்டி திருவிழாவுக்குச் சாமி எப்படிடா வெளிய வரும்?" என்றார் கங்காணி.

"மேளம் கோயில்லதாங்க தொங்குது. யாரு வேணும்னாலும் எடுத்து அடிக்கலாம்."

"அத ஒன் சாதிக்காரன்தானடா தொடணும்?"

"அதனாலதாங்க நான் தொடல."

"தொரைக்கிட்ட சொல்லி நீ குடியிருக்கிற லயத்துக் காம்பராவப் பறிச்சிருவேன். புள்ளகுட்டியோட எங்கடா போவ?"

மேளக்காரர் அவசரப்படவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"போனா போவட்டுங்க. ஞானஸ்நானத்துல எனக்குச் சாமுவேல்னு பேரு வச்சிருக்காங்க. சாமுவேலுக்குத் தப்படிக்கத் தெரியாதுங்க."